பாம்புப்பூச்சி இனங்களைப் பிரித்தறிய ஒரு பெருநூல்

ஹோர்ஸ்ட் ஆஸ்ப்யோக், உல்ரிக்கே ஆஸ்ப்யோக், ஹூபர்ட் ரவுஷ் ஆகிய மூவர் ஜெர்மன் மொழியில் எழுதி 1991-இல் கிரேஃபெல்ட் நகரிலிருந்து வெளிவந்த "டி ராஃபிடியோப்டெரன் டெர் எர்ட", கழுத்துப்போல் நீண்ட முன்மார்பு கொண்ட சிறு பூச்சிகளான பாம்புப்பூச்சிகளில் உலகில் உள்ளவை அனைத்தையும் இரு தொகுதிகளில் விவரிக்கிறது. விலையும் கனமும் மிகுந்த இந்நூலை வாங்கலாமா என்று கேட்போருக்கு, ஆண் பூச்சியின் வயிற்று நுனியைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டென்றால் வாங்கலாம் என்பதே என் விடை.

பாம்புப்பூச்சிகளின் ராஃபிடிடே, இனோசெல்லிடே ஆகிய இரு குடும்பங்களை வேறுபடுத்த நூலே தேவையில்லை. முன்னதற்குத் தலையில், கூட்டுக்கண்களோடு கூடுதலாக, தனிக்கண்கள் (ஒற்றை வில்லை கொண்ட சிறு கண்கள்) உண்டு, பின்னதற்கு இல்லை. பால்கன் பகுதியிலும் அனத்தோலியாவிலும் பல இனங்களாகப் பெருகியிருக்கும் ஃபியோஸ்டிக்மா போன்ற பேரினத்துக்குள் நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இறக்கை நரம்புகளின் அமைப்பு ஓர் இனத்துக்குள்ளேயே மாறுபடுவதால், அதை மட்டும் நம்பி இனப்பெயர் எழுதுவது துணிச்சலே தவிர ஆய்வு அன்று.

இங்கே நூலின் கோட்டோவியங்கள் கைகொடுக்கின்றன. ஆணின் ஒன்பதாம் வயிற்றுக் கண்டத்தில் (வளையத்தில்) உள்ள கோனோகாக்சைட்டுகள் என்னும் இனப்பெருக்க உறுப்புப் பகுதிகள் எப்படி வளைகின்றன, அவற்றின் நுனி கூர்மையா மழுங்கலா, அதே உறுப்பின் உள்ளே மறைந்திருக்கும் பாராமியர்கள் என்னும் பகுதிகளின் வடிவம் என்ன என்பவற்றை நெருங்கிய இனங்களுக்கு ஒரே கோணத்தில் வரைந்திருப்பதால், ஜெர்மன் அறியாதவரும் படங்களை மட்டுமே ஒப்பிட்டுப் பெரும்பாலும் முடிவுக்கு வரலாம். ஆனால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துத் தெளிவாக்கிய உறுப்பு கிளிசரினில் எளிதில் உருண்டுவிடும். சற்றே சாய்ந்தாலும் கூரிய கொக்கி மழுங்கியதாகத் தோன்றும். ஓவியத்தின் கோணத்துக்கு உறுப்பைத் திருப்பிய பின்னரே ஒப்பிட வேண்டும். (இதற்குச் செலவாகும் பொறுமைக்கு எந்த நூலும் மாற்றாகாது.)

குறைகளும் உண்டு. இந்த உறுப்புகள் எந்த வயிற்றுக் கண்டத்திலிருந்து தோன்றியவை என்பதை ஆஸ்ப்யோக் இணையர் 2008-இல் மறுஆய்வு செய்த பிறகு உறுப்புகளின் பெயர்கள் மாறிவிட்டன. ஆகவே புதிய கட்டுரைகளோடு சேர்த்துப் படிப்பவர் இரு பெயர் முறைகளையும் அறிந்திருக்க வேண்டும். 1991-க்குப் பின் விவரிக்கப்பட்ட இனங்களுக்குத் தனிக் கட்டுரைகளையே தேட வேண்டியிருக்கிறது. பெண் பூச்சி மட்டுமே கிடைத்தால் ஓவியங்கள் அத்தனை உறுதி தருவதில்லை. அப்போது, பல இனங்கள் ஒரு மலைத்தொடருக்குள் அடங்கி வாழ்பவை என்பதால், பிடிபட்ட இடத்தை நூலின் பரவல் வரைபடங்களோடு பொருத்திப் பார்ப்பது பயன் தரும்.