அரளி அந்துப்பூச்சியும் கல்பாசியும்
இந்த ரெண்டுல எனக்கு எது பிடிக்கும்னு ஒரு ஒப்பீடு. அடையாறு வீட்டு வாசல்ல இருக்கற நந்தியாவட்டையை ஒரு பச்சைப் புழு மொட்டையடிச்சிடுச்சு, விரல் தடிமன், தொட்டா தலைய உள்ள இழுத்து ரெண்டு நீலக் கண்ணு மாதிரி புள்ளிய காட்டி பயமுறுத்துது (அம்மா கத்திட்டாங்க), அதான் அரளி அந்துப்பூச்சியோட புழு. அரளி இலை நமக்கு விஷம், இதுக்கு டிபன்.

கல்பாசி நேரெதிர். பிரியாணிக்கு போடறோமே அதேதான். செடியே இல்ல, பூஞ்சையும் பாசியும் சேந்து நடத்தற குடித்தனம், பாசி வெயில்ல சமைக்கும், பூஞ்சை வீடு குடுக்கும். மலைப்பக்கம் மரப்பட்டைல ரொம்ப மெதுவா வளரும். புழு சில வாரத்துல இறக்கை முளைச்சு பறந்துடும். கல்பாசிய சும்மா மோந்தா பெருசா வாசனை வராது, சூடான எண்ணெய்ல போட்டாதான் தெரியும்.

என் ஓட்டு புழுவுக்குதான், செடி போனாலும்.