ஆர்பிஎம் 1900 காட்டுது, ஃபேன் நிக்குது

"அண்ணே, ஆர்பிஎம் காட்டுதே, அப்புறம் எப்படி ஃபேன் போச்சுங்குறீங்க?" கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டில் ஒரு ஃபேன் போய்விட்டது என்று நான் சொன்னதற்குத் தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவரிடமிருந்து வந்த கேள்வி. ஆர்பிஎம் என்பது ஃபேன் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்றுகள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல உட்கார்ந்தால் எரிச்சல்தான் முதலில் வருகிறது.

கார்டு இரட்டை ஃபேன் வைத்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். 2019-இல் வந்தது, 125 வாட், 1080பி கேமுக்கும் கல்யாண வீடியோ வெட்டுவதற்கும் இன்றைக்கும் போதும். சிப் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. வில்லங்கம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக் கூட்டில்.

ஃபேன் இரண்டு, போர்டில் சாக்கெட் ஒன்று. அதில் நாலு பின்: கிரவுண்ட், 12 வோல்ட், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிக்னல், ஓடுகிற வேகத்தைத் திருப்பிச் சொல்லும் சிக்னல். மூன்று ஒயர் இரண்டு ஃபேனுக்கும் பிரிந்து போகிறது. வேகம் சொல்லும் ஒயர் மட்டும் ஒரே ஒரு ஃபேனிலிருந்து வருகிறது. அந்த ஃபேன் நின்றால் சாஃப்ட்வேர் 0 காட்டும், உடனே தெரிந்துவிடும். மற்றது நின்றால்? ஒன்றும் காட்டாது. 1900 என்று சந்தோஷமாக ஓடிக்கொண்டிருக்கும். அதை ஊமை ஃபேன் என்றே வைத்துக்கொள்வோம். விலை கூடின சில கார்டுகளில் ஃபேனுக்கு ஒரு சாக்கெட், ஃபேன் 1, ஃபேன் 2 என்று தனித்தனி எண். இதில் ஒரு சாக்கெட்டை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். எத்தனை ரூபாய் மிச்சமாகியிருக்கும்?

அதனால் எண்ணை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும். சூடு 50, 60 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது பல கார்டுகளில் ஃபேன் சுற்றாது, அது கோளாறு இல்லை. ஆஃப்டர்பர்னர் என்கிற, ஃபேன் வேகத்தை மாற்றும் சாஃப்ட்வேரில் கைமுறையாக 60 சதவீதம் வைத்து, டார்ச் அடித்து இரண்டு இறக்கைகளையும் பாருங்கள். பிறகு கரண்டை அணைத்து விரலால் சுண்டிவிடுங்கள். நல்ல ஃபேன் சில சுற்று ஓடி மெல்ல நிற்கும். போனது அரைச் சுற்றிலேயே நிற்கும், விரலுக்கு மணல் நெருடுகிற மாதிரி இருக்கும். இறக்கையின் ஓரத்தைப் பிடித்து ஆட்டினால் சாய்கிறதா? அப்படியென்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. கடகடவென்று கூட்டில் உரசுவது அதனால்தான்.

பாம்பன், மண்டபம் பக்கம் இது சீக்கிரமே வருவதற்கு உப்புதான் காரணம் என்பது என் கணிப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரம் இழுத்துக் கரையும். விடிகாலையில், நின்றுகிடக்கிற ஃபேனின் அச்சு ஓரத்தில் அது கசிந்து இறங்குகிறது. கார்டு சூடானதும் காய்ந்து பொருக்காகிறது. ஆடிக் காற்றில் பறக்கும் மணல்தூசி அதன்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. 2025-இல் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே துருவுக்குப் பயந்து பாலிசிலாக்ஸேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். இந்த ஃபேனுக்கு யார் அடிப்பது?

மாற்று வாங்கும்போது கார்டு பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வந்த கார்டுக்குள்ளேயே ஃபேன் மாறியிருக்கும். ஃபேனின் நடுக்குமிழின் பின்பக்க லேபிளில் மாடல் எண், 12 வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று இருக்கும், அதைக் கழற்றித்தான் பார்க்க முடியும். மூன்று ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையத்துக்கு அளந்துகொள்ளுங்கள். 40 மி.மீ.யும் உண்டு, 42-உம் உண்டு, 2 மி.மீ. தப்பினால் உட்காராது. இறக்கையின் முழு அகலத்தையும் அளக்க வேண்டும். சாக்கெட்டின் பின் இடைவெளி பெரும்பாலும் 2 மி.மீ., மதர்போர்டு ஃபேனுடையது 2.54. ஒயர் நிறத்தை நம்பாமல் பழையது எந்த வரிசையில் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஜோடியாகத்தான் விற்கிறார்கள். ஒன்று மட்டும் போனாலும் ஜோடியாகவே மாற்றுங்கள், இன்னொன்றும் அதே உப்பைத் தின்றதுதான்.

கழற்றுவதில் இரண்டு வகை. சில கார்டில் கூட்டின் ஸ்க்ரூ ஹீட்சிங்கில் (சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) மட்டும் இருக்கும். கூடு தனியாக வந்துவிடும், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்டைத் தொட வேண்டாம். மற்றதில் போர்டின் பின்பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கழற்றினால்தான் வரும். சிப்பைச் சுற்றியுள்ள நாலு ஸ்ப்ரிங் ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். துருப்பிடித்த தலையில் சரியான அளவு டிரைவர் இல்லாமல் திருப்பினால் வழுக்கிவிடும். பல்குச்சி நுனியில் ஒரு சொட்டு துரு எண்ணெய் (துருவை இளக்கும் எண்ணெய்) வைத்துப் பத்து நிமிஷம் விட்டு, அழுத்திக்கொண்டு திருப்புங்கள். ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. ஃபேன் பிளக்கை ஒயரைப் பிடித்து இழுத்தால் சாக்கெட்டே போர்டிலிருந்து பெயர்ந்து வரும். ட்வீசரால் பிளக்கின் இரண்டு காதையும் மாறி மாறி நெம்புங்கள்.

ஹீட்சிங்க் வெளியே வந்தால் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகப் பூத்திருப்பது தெரியும். இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் உப்பு கரையாது. பழைய பேஸ்டைத் துடைக்க அதுதான் சரி, உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும். ஹீட்சிங்கை மட்டும் தனியாக எடுத்து, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பிரஷ் போட்டு, ஒருநாள் முழுக்க வெயிலில் காயவையுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசுவது நம்ம ஊரில் உப்பை உப்பால் கழுவுகிற கதை. மெமரி சிப்புகள் மேல் சூட்டைக் கடத்த ஒட்டியிருக்கும் மெத்தை போன்ற பேட் கிழிந்தால் அதே தடிமனில் வாங்குங்கள். 1 மி.மீ. இருந்த இடத்தில் 2 வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பைத் தொடாது, முன்னைவிட மோசமாகக் கொதிக்கும்.

எண்ணெய் வைத்தியம் பற்றி: தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு கொஞ்ச நாள் ஓட்டும். தேங்காய் எண்ணெய் பிசினாகும். துரு எண்ணெய் இருக்கிற கிரீஸையும் கரைத்துவிட்டுப் போகும். எதுவும் தேய்ந்த பேரிங்கைத் திருப்பித் தராது.

நான் புது ஜோடி போட்டபின்: முன்பு 83 டிகிரியில் முட்டி வேகம் குறைந்த கார்டு இப்போது முழுச் சுமையிலும் 70-ஐத் தாண்டவில்லை. சத்தமும் இல்லை. இந்த விலைக்கு இதைவிட நல்ல ரிப்பேர் கிடையாது. ஃபேன் எப்போதும் 30 சதவீதத்திலாவது சுற்றும்படி வைத்தாயிற்று, நின்றுகிடந்தால்தானே பொருக்கு பிடிக்கும்.

ஆனாலும் இதே கூடு வைத்த கார்டு பழைய மார்க்கெட்டில் பாதி விலைக்கு வந்தாலும் வாங்காதீர்கள். அடுத்த முறை போனால் கூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 92 மி.மீ. கேபினட் ஃபேன் இரண்டை ஹீட்சிங்கில் டை போட்டுக் கட்டிவிட்டு, மதர்போர்டில் ஆளுக்கொரு சாக்கெட் கொடுப்பதுதான் திட்டம். அசிங்கமாக இருக்கும், இன்னொரு ஸ்லாட்டையும் தின்னும், வேகத்தை கார்டு சூட்டுக்கு ஏற்ப ஓட்டத் தனி சாஃப்ட்வேர் வேண்டும். ஆனால் எது நின்றாலும் சொல்லும்.

தம்பி, பிளக்கிலிருந்து ஃபேனுக்குப் போகிற ஒயரை எண்ணிப் பாருங்க. நாலு போவது பேசுகிற ஃபேன், மூணு மட்டும் போவது ஊமை. உங்களுக்குப் போயிருப்பது மூணு ஒயர் ஃபேன்தான்.