அஷிகாகா ஃப்ளவர் பார்க்: விஸ்டீரியான்னா இங்கதான்

பாண்டிலேர்ந்து ஜப்பான் போறவங்க எல்லாம் செர்ரி பூவுக்குன்னே டிக்கெட் போடுறாங்க, நான் சொல்றேன் ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிப் போடுங்க, அப்பதான் விஸ்டீரியா பூக்கும், சரமா தொங்கற பூக்கொடி அது. ஜப்பான்ல அஷிகாகாங்கற ஊர்ல இருக்கற இந்த பார்க்ல, பெரிய விஸ்டீரியாவுக்கு 160 வயசுக்கு மேல, 1996ல 20 கிலோமீட்டர் தள்ளிலேர்ந்து வேரோட கொண்டாந்து நட்டாங்க, இப்ப ஒத்த மரமே 1000 சதுர மீட்டருக்குப் படர்ந்து நிக்குது. கீழ நின்னு நிமிந்து பாத்தா புடலங்கா பந்தல் மாதிரி சரம் சரமா ஊதாப்பூ, மேல மலந்துட்டு நுனில இன்னும் மொட்டாவே இருக்கு, வாசனைன்னா அப்படி ஒரு வாசனை! லைட் போட்டப்புறம் இன்னும் அழகு, அதனால மத்தியானத்துக்கு மேல போங்க. அசேலியா பூச்செடியும் உள்ளயே இருக்கு, ஆனா அதுக்குன்னே போறீங்கன்னா டோக்கியோல நெசு கோயில்தான் பெஸ்ட், சுமார் 3000 செடி. அஷிகாகால டிக்கெட் ரேட் பூவைப் பொறுத்து மாறும், பார்க் பேர்லயே ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ஸ்டேஷன் இருக்கு, எறங்கி நடந்தாப் போதும்.