புஜ் நகரத்துச் சந்திரோகனி: முடிச்சோடு கேட்டு வாங்குங்கள்

குஜராத்தின் புஜ் நகரில், சாயத் தொழில் செய்யும் காத்ரி சமூகத்துக் குடும்பம் ஒன்று தன் சாயப்பட்டறையை ஒட்டியே நடத்தும் சிறிய கடையில், கஜ்ஜி என்னும் வழவழப்பான பட்டில் செய்த சந்திரோகனி ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். கட்ச் பகுதியின் முஸ்லிம் காத்ரி மணப்பெண்கள் முக்காடாக அணியும் ஓடனி இது. நடுவில் முழுநிலவைக் குறிக்கும் பெரிய வட்டம் இருப்பதே இதன் அடையாளம்.

கடைக்காரர் துணியை விரித்துக் காட்டவில்லை. முடிச்சுகள் அவிழ்க்கப்படாமல், கயிறுபோல் சுருண்டு கிடந்ததை அப்படியே எடுத்து வைத்தார். துணியில் முடிச்சுகள் கட்டிச் சாயத்தில் தோய்த்துப் புள்ளிகளை உருவாக்கும் பாந்தனிக்கு இதைவிட நம்பகமான சான்று வேறில்லை. புள்ளிகளை எந்தத் துணியிலும் அச்சிட்டுவிடலாம், ஆனால் அச்சிட்ட துணியில் அவிழ்ப்பதற்கு முடிச்சு இருக்காது. விலை முடிந்த பிறகு இருவர் எதிரெதிர் முனைகளைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க, நூல்கள் சடசடவென்று தெறித்து உதிர்ந்து, கறுப்புப் பரப்பின் நடுவே சிவப்பு வட்டமும் அதற்குள் மஞ்சளும் வெள்ளையுமான புள்ளிகளும் வெளிப்பட்டன.

வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களை முதலில் கட்டி மஞ்சளில் தோய்த்து, மஞ்சளாக நிற்க வேண்டியவற்றைக் கட்டிச் சிவப்பில் தோய்த்து, கடைசியாகவே கறுப்புக்குப் போகிறார்கள். கட்டும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது; நீள வளர்த்த நகத்தாலோ கூர்முனை கொண்ட மோதிரத்தாலோ துணியைக் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்குகிறார்கள். கிள்ளிய நுனி மட்டும் சாயத்தை ஏற்பதால், உற்றுப் பார்த்தால் பல புள்ளிகளின் நடுவில் ஒரு துளி நிறம் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மதுரையில் சௌராஷ்டிரர்கள் கையால் கட்டிய பழைய சுங்குடியைத் தொட்டுப் பழகியவர்களுக்கு, பருத்திக்குப் பதிலாகப் பட்டில் அதே மேடுபள்ளம் விரலில் தட்டுப்படும்.

குறையும் உண்டு. ஒரு மூலையில் முடிச்சுகள் தளர்ந்திருந்ததால் கறுப்பு உள்ளே கசிந்து, உள்ளங்கை அளவுக்குப் புள்ளிகள் மங்கியிருக்கின்றன. முடிச்சோடு வாங்கும்போது இதை முன்கூட்டிப் பார்க்க வழியில்லை. அவிழ்த்தபின் குறை தெரிந்தால் விலையைக் குறைப்பார்களா என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. ஈரக் கை பட்டால் சிவப்பு ஒட்டுகிறது, ஆகவே உலர்சலவைக்கே கொடுக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் முடிச்சின் சுருக்கங்கள் மறைந்துவிடும் என்பதால், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இஸ்திரி போடாமலே வைத்திருக்கிறேன்.