உறைபனித் துணி: 17 ஜிஎஸ்எம் போதுமா, 30 வேண்டுமா?

"மைனஸ் 4 டிகிரி வரை பாதுகாப்பு" என்று உறையில் அச்சடித்து விற்கும், உறைபனியிலிருந்து காக்கச் செடிகளை மூடும் வெள்ளை நான்-ஓவன் (நெய்யாத) துணியை அந்த ஒரு வரியை நம்பி வாங்க வேண்டாம். துணி சூட்டை உண்டாக்காது. பகலில் மண் குடித்த வெயிலை இரவில் கொஞ்சம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு.

நீலகிரி, கொடைக்கானல் என்று நம் மலையில் விழும் பனி இதற்குத் தோதானது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டு உறைகிறது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கியது வேறு ரகம். வடதுருவப் பக்கத்துக் குளிர்காற்று நாட்கணக்கில் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் எலுமிச்சை, ஆரஞ்சு இனத் தோப்புகள் பலத்த அடி வாங்கின. அப்படிப்பட்ட குளிரில் மூடுதுணியிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

17 ஜிஎஸ்எம் துணி ஏறக்குறைய ஒன்றிரண்டு டிகிரி தாங்கும், வெளிச்சத்தையும் பெரும்பாலும் விட்டுவிடும். 30 இன்னும் ஒரு டிகிரி கூடுதலாகத் தரும். 50-ஐ நாற்றங்காலுக்கு வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் பாதியாகிவிடுவதால் பகலில் கட்டாயம் எடுக்க வேண்டும். சரிவில் உள்ள தோட்டத்துக்கு 17 போதும். குளிர்காற்று தண்ணீர் மாதிரிதான், இறங்கிப் போய்ப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி, கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் என்று தாழ்வான நிலம் உள்ளவர்கள் 30 வாங்குங்கள். பாத்தியின் கீழ்ப்பக்கம் அடர்ந்த வேலி இருந்தால் அதில் ஒரு வழி திறந்துவிடுங்கள். அடைத்த வேலி அந்தக் காற்றுக்கு அணை.

செய்தியில் சொல்லும் "2 டிகிரி" நிலத்திலிருந்து சுமார் நாலடி உயரத்தில், பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியின் கணக்கு. அதே இரவில் புல்மட்டம் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். குறைந்தபட்ச அளவைக் காட்டும் ஒரு வெப்பமானியை இலை உயரத்தில் திறந்தவெளியில் வைத்துப் பார்த்துவிட்டு ஜிஎஸ்எம் முடிவு செய்வது நல்லது.

கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு தராசு போதும். 1.6 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளம் என்றால் 160 சதுர மீட்டர். 17 ஜிஎஸ்எம் சுருள் 2.7 கிலோ, 30 ஜிஎஸ்எம் சுருள் 4.8 கிலோ இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் குழாயின் எடை தனி. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் துணியில் உண்டா என்றும் கேளுங்கள். 2,200 மீட்டர் உயரத்து வெயிலில் சாதாரணத் துணி சீக்கிரமே பொடிந்து நார்நாராக மண்ணில் கலந்துவிடும்.

கெடுவது பெரும்பாலும் விரிக்கும்போதுதான். துணி இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். மூங்கில் சிம்பையோ கம்பியையோ வளைத்து நட்டு, இலைக்கு மேல் நாலு விரற்கடை இடைவெளி விடுங்கள். ஓரங்களை மண் போட்டு மூட வேண்டும். செடியைப் பொட்டலம் கட்டுவதுபோலத் தண்டோடு சேர்த்துக் கட்டினால் மண்சூடு உள்ளே வராது, துணி இருந்தும் வீண். ஈர மண் அதிக சூட்டைத் தேக்கும் என்பதால் முற்பகலிலேயே தண்ணீர் பாய்ச்சிவிட்டு, இலை நனையாமல் பார்த்துக்கொண்டு, வெயில் சாய்வதற்குள் மூடிவிடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் பிடித்து வைக்க அதிகம் மிச்சமிருக்காது.

காலையில் பனி உருகியதும் எடுத்துவிட வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே விட்டால் உருளைக்கிழங்கில் உள்ளே தேங்கும் ஈரம் பின்பருவக் கருகல் நோயைக் கூப்பிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு, அதற்குப் பழைய உதாரணம் ஃபுளோரிடா. 1894 டிசம்பர் கடைசியில் வந்த உறைகுளிரில் ஆரஞ்சு மரங்கள் இலையையும் காயையும்தான் இழந்தன. ஜனவரி கதகதப்பில் தளிர் விட்டு, சாறு ஏறி நின்ற நேரத்தில் 1895 பிப்ரவரி 7, 8 தேதிகளில் அடுத்த குளிர் வந்தது. தோப்பு தோப்பாகப் பட்டுப்போயின. துணிக்குள்ளேயே வாரக்கணக்கில் வளரும் செடியும் அப்படித்தான் இளசாகிவிடும். மூட மறந்த ஒரே இரவு போதும்.

தேயிலைக்கு ஏக்கர் கணக்கில் இதை விரிப்பது கட்டுபடியாகாது. நாற்றுக்கும் புது நடவுக்கும் மட்டும் சரி. நாலு பூந்தொட்டிக்கு என்றால் துணியே வேண்டாம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகளை மூடும் கோத்தகிரி மிலார் என்ற செடியே போதும், காசும் மிச்சம்.

பனிக்காலம் முடிந்ததும் நன்றாகக் காயவைத்துச் சுருட்டி, தரையில் போடாமல் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். எலிக்கு இது நல்ல மெத்தை.