டாரன்டுலா தீனிக்கு 3,200 ரூபாய் கட்டி ஏமாந்தேன், ஆர்டர் போடும் முன் படியுங்கள்

டாரன்டுலா என்னும் பெரிய ரோமச் சிலந்தி வளர்ப்பவர்கள், முக்கியமாக வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் தீனிக்குப் பணம் போடுங்கள். உயிருள்ள கிரிக்கெட் பூச்சி (சுவர்க்கோழி) என்று 3,200 ரூபாய் வாங்கியவன் ஒரு பெட்டி நிறையச் செத்த பூச்சி அனுப்பியிருக்கிறான். அந்த நாற்றம் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

என்னிடம் இருப்பவை சிலி ரோஸ் என்ற டாரன்டுலா வகைக் குட்டிகள். வளர்ந்தது என்றால் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும், ஒன்றும் ஆகாது. குட்டி அவ்வளவு தாங்காது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை தீனி வேண்டும், அதுவும் அதன் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. நான் விசாரித்த கடைகளில் அவ்வளவு பொடி கிரிக்கெட் இல்லை. அதனால்தான் படம் போட்டு விற்கும் ஒரு ஆன்லைன் பக்கத்துக்குப் போனேன். கிரிக்கெட் குஞ்சுகளும், வீட்டில் பெருக்கிக்கொள்ள ஒரு தாய்ப் பெட்டியும் சேர்த்து 3,200 ரூபாய்.

அவன் பேசிய பேச்சு அப்படி. "தோல் உரிக்கப் போற குட்டிக்குப் போடாதீங்கண்ணா, மல்லாந்து கிடக்கறப்ப கிரிக்கெட்டே அதைக் கடிச்சுத் தின்னுடும். உரிச்ச பிறகும் பல் கறுக்கற வரைக்கும் பொறுங்க" என்று நான் கேட்காமலே சொன்னான். அத்தனையும் சரியான விஷயம். முட்டை அட்டைகளில் பூச்சிகள் கேரட் தின்கிற வீடியோ அனுப்பினான். ஐஸ் பேக் வைத்து அனுப்புவேன், செத்து வந்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்றான். இவ்வளவு தெரிந்தவனை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

சத்துவாச்சாரி கூரியர் ஆபீஸில் பெட்டியைக் கையில் வாங்கும்போதே நாறியது. கத்திரி வெயிலில் வந்த பெட்டியில் ஐஸ் பேக்கும் இல்லை, காற்றுப் போக ஓட்டையும் இல்லை. பிழைத்திருந்த சிலதும் முழு வளர்ச்சி அடைந்த பெரிய கிரிக்கெட். அவற்றோடு பச்சை வெட்டுக்கிளிகளும் வைக்கோல் துண்டுகளும். பண்ணையில் வளர்த்த பெட்டிக்குள் வெட்டுக்கிளி எப்படி வரும்? வயலில் வலை போட்டுப் பிடித்திருக்கிறான். பூச்சி மருந்து அடித்த வயலாக இருந்து, அதைக் குட்டிக்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன்.

கேட்டால் முதலில் "கூரியர் தப்பு" என்றான். அடுத்து, "வேலூர் வெயிலுக்கு நான் என்ன சார் பண்றது?" பணம் போகும்வரை அண்ணா, போன பிறகு சார். பெட்டி பிரித்த வீடியோ அனுப்பினேன். அதில் பெட்டிமேல் இருந்த ஸ்டிக்கர் சரியாகத் தெரியவில்லையாம். பெரிய பூச்சியின் காலை வெட்டிக் குட்டிக்குப் போடச் சொன்னான். மருந்து ஏறிய பூச்சியாக இருந்தால் காலை மட்டும் வெட்டி என்ன பயன் என்று கேட்டதும் பிளாக் செய்துவிட்டான். 3,200 ரூபாய் போனது போனதுதான்.

அவசரமாகச் சில விஷயங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். மே மாதத்தில் உயிருள்ள தீனியை வெளியூரிலிருந்து வரவழைக்கவே வேண்டாம். பெட்டி பிரிக்கும்போது ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். பெட்டியில் வெட்டுக்கிளி இருந்தால் எதையும் சிலந்திக்குக் கொடுக்காதீர்கள். பண மோசடிக்கு 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் சொல்லியிருக்கிறேன்.

இப்போதைக்கு மாவுப்புழுவை நறுக்கிப் போட்டுச் சமாளிக்கிறேன். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் யாராவது பொடி கிரிக்கெட் வளர்த்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.