கார்பன் கணக்கு: கன்சல்டன்டிடம் விடுவதா, நாமே எழுதுவதா?

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஆலை வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு போன்ற பசுங்குடில் வாயுக்களின் கணக்கை வெளியார் ஒருவர் சரிபார்த்துத் தர வேண்டும் என்று வெளிநாட்டு பையர் எழுதிவிட்டார். முதலாளி முன்னால் இரண்டு வழிகள். முழு வேலையையும் கன்சல்டன்டிடம் ஒப்படைக்கலாம். இல்லையென்றால் அக்கவுண்ட்ஸ், பாய்லர், மெயின்டெனன்ஸ் ஆட்களை வைத்து நாமே எழுதலாம்.

வேகம் என்று பார்த்தால் கன்சல்டன்ட்தான். இந்தக் கணக்குக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14064-1 கேட்கும் வடிவம் அவருக்குக் கைப்பழக்கம். ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகும் துணியின் உமிழ்வு எந்தக் கணக்கில் வரும், வரும் ஆண்டுகளை ஒப்பிட எது அடிப்படை ஆண்டு என்று முதல்முறை எழுதுகிறவர்கள் நாள்கணக்கில் குழம்புவார்கள். கன்சல்டன்ட் உட்கார்ந்த இடத்திலேயே தீர்த்துவிடுவார்.

சரிபார்ப்பு நாளில்தான் சிக்கல். வருகிறவர் மொத்தத் தொகையோடு விடமாட்டார். ஏதாவது ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு அடிவரை போவார். பாய்லருக்கு எத்தனை டன் விறகு? எடைமேடைச் சீட்டு எங்கே? மாதக் கடைசியில் மிச்சம் இருந்த விறகைக் கழித்தீர்களா? விறகிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடைத் தனியாகக் காட்ட வேண்டும். அதே விறகின் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் நேரடி உமிழ்வில், அதாவது ஆலையே வெளிவிடும் கணக்கில், சேர வேண்டும். கன்சல்டன்டின் எக்செல்லில் எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் சீட்டு பாய்லர் ஆபரேட்டரின் அலமாரியில் கிடக்கிறது, அவரிடம் யாரும் கேட்டதே இல்லை.

காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நுணுக்கம். மத்திய மின்சார ஆணையத்தின் 2022-23 கணக்குப்படி கிரிட் (பொது மின்தொகுப்பு) மின்சாரம் யூனிட்டுக்கு 0.716 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு லட்சம் யூனிட்டுக்கு 71.6 டன். ஜிஹெச்ஜி புரோட்டோகால் என்ற சர்வதேசக் கணக்கு விதிமுறை மின்சாரத்தை இரண்டு விதமாகக் காட்டச் சொல்கிறது. இருப்பிட முறை கிரிட்டின் சராசரியைப் பார்ப்பது; அதில் காற்றாலை இருந்தாலும் மேலே சொன்ன யூனிட் கணக்குதான். சந்தை முறை யாரிடமிருந்து எந்த மின்சாரம் என்று பார்ப்பது; அதில் காற்றாலை யூனிட்டுகளைப் பூஜ்யமாகக் காட்டலாம், அது பசுமை மின்சாரம் என்பதற்கான சான்றிதழை வேறு யாருக்கும் விற்காமல் இருந்தால். விற்றோமா இல்லையா என்பது நம் அக்கவுண்டன்டுக்குத்தான் தெரியும்.

ஏசி கேஸும் அப்படித்தான். ஏசியில் நிரப்பும் ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மெக்கானிக் பில்லில் ‘கேஸ் சார்ஜிங்’ என்று மட்டும் இருந்தால் அளவை எங்கே தேடுவது? கிலோவை எழுதி வாங்க உள்ளே ஓர் ஆள் வேண்டும்.

நாமே எழுதுவதிலும் ஆபத்து உண்டு. கணக்கு ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்து, அவர் வேலையை விட்டுப் போனால் அடுத்த ஆண்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்த எண் எந்த ஆவணத்திலிருந்து வருகிறது, யார் பதிகிறார், யார் சரிபார்க்கிறார் என்று இரண்டு பக்கமாவது எழுதி வைத்தால் இது தீரும். அப்புறம், எந்த வழியில் போனாலும் கணக்கைத் தயாரித்தவரே சரிபார்ப்பாளராக வரக்கூடாது. சிலர் ஒரே ஆளிடம் இரண்டையும் கேட்கிறார்கள்.

நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன், சின்ன மாற்றத்தோடு. முதல் ஆண்டு எதெல்லாம் கணக்கில் வரும் என்ற எல்லையும் முறையும் வகுக்க மட்டும் கன்சல்டன்டைச் சில நாள் கூப்பிடுங்கள். பதிவெல்லாம் நம் ஆட்கள் செய்யட்டும். சரிபார்ப்பாளர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே, வேறு துறை ஆள் ஒருவர் எந்த மாதத்தையாவது எடுத்து, அறிக்கையில் உள்ள எண்ணிலிருந்து விறகுச் சீட்டு வரை நடந்து பார்க்கட்டும். எங்கே ஆதாரம் கிடைக்காமல் நிற்கிறாரோ அந்த இடத்தை முதலில் சரிசெய்யுங்கள்.